ஒரு பெரியவர், இரண்டு குழந்தைகள்

அந்த ராட்டினப் பார்க்கின் விளம்பரத்தில் ஒரு அப்பா வருவார். தோளில் மகன், ஒரு கையில் ஐஸ்கிரீம், இன்னொரு கையில் மனைவியின் கை. முகத்தைப் பார்த்தாலே தெரியும், முந்தின ராத்திரி நேரத்துக்குப் படுத்து முழுத் தூக்கம் தூங்கி எழுந்த ஆள். அவருக்கு என்ன வேலை, யார் லீவு கொடுத்தார்கள் என்று எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை. டிவியைப் பார்த்து நானே கேட்டிருக்கிறேன். அது என்னைக் கண்டுகொள்ளாமல் சோப்பு விளம்பரத்துக்குப் போய்விடும்.

என் வேலையை நான் சொல்லிவிடுகிறேன். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், அடுப்புப் பக்கம். காலையில் நீங்கள் கடையில் வாங்குகிற பாக்கெட் ரொட்டி, நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் முன்னால் பெல்ட்டில் ஊர்ந்து போனதுதான். என் மனைவிக்குச் சூப்பர் மார்க்கெட்டில் பகல் ஷிஃப்ட், பில் போடுகிற கவுன்டர். பெரியவள் பிறந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிற வசதி எங்களுக்கு இல்லை. கூப்பிட்டால் வந்து நிற்கிற சொந்தமும் இல்லை. ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே என்று பிரித்துக்கொண்டோம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று இரண்டு பேருமே சொன்னோம். அவள் இப்போது ஆறாம் வகுப்பு. அவளுக்குப் பின்னால் ஒருவன் பிறந்து அவனும் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வார லீவும் அப்படியே. எனக்கு ஒரு நாள், அவளுக்கு வேறு நாள். என் லீவு நாளில் ராத்திரி எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம் என்பது உண்மைதான். ஆனால் என் உடம்புக்கு அது புரிய வேண்டாமா? அவர்கள் மூவரும் வரிசையாகத் தூங்குவார்கள். நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பேன்.

தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது போகிற ஆள் வருகிற ஆளிடம் சார்ஜ் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். 'மூணாவது அடுப்புல சூடு ஏற லேட்டாகுது, பெல்ட் கொஞ்சம் இழுக்குது, பாத்துக்கோ.' அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாசலிலும் அதே கதைதான். காலையில் நான் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டுவாள். "பெரியவளுக்கு லேசா இருமல், மருந்து குடுத்தாச்சு. சின்னவன் கணக்குப் போடல. பால் காய்ச்சி வெச்சிருக்கேன்." சாயங்காலம் நான் கொடுப்பேன். "ரெண்டு பேரும் சாப்ட்டாச்சு. பாத்ரூம் குழாய் ஒழுகுது." அடுத்த ஷிஃப்டுக்கு வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும், அதுதான் முறை. பால் திரிந்துவிட்டது என்று சொல்வோம். மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டோம். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஷிஃப்ட் என்ன செய்யும்?

அப்படி ஒரு சாயங்காலம், நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பரீட்சை லீவுக்குப் பசங்க அந்தப் பார்க்குக்குப் போகணுங்கறாங்க. பேக்கேஜ் இருக்காம். வேன், ரூம், டிக்கெட் எல்லாம் சேர்த்து. ரெண்டு ராத்திரி."

"எவ்ளோவாம்?"

சொன்னாள். நான் லேசை விட்டுவிட்டேன்.

"அந்தக் காசுக்குப் புது வாஷிங் மெஷினே வாங்கலாமே."

"வாங்கிட்டு மிச்சமும் இருக்கும்," என்றாள். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விலை சொல்கிறவள். அவளிடம் போய் நான் விலைவாசி பேசுகிறேன். "யோசிச்சு சொல்லுங்க. வேணாம்னாலும் சொல்லிடுங்க, பசங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

யோசித்தேன். ஒரு வாரம் அடுப்பு முன்னால் நின்று அதையேதான் யோசித்தேன். எங்கள் தொழிற்சாலையில் மாவு பிசைகிற மெஷினைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் உண்டு, மிக்ஸர் அண்ணன் என்போம். போன லீவில் குடும்பத்தோடு அங்கே போய் வந்தவர். விடிந்து ஷிஃப்ட் முடிந்ததும், கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"போலாமாண்ணே? காசுக்குத் தகுமா?"

"தகுமாவா?" என்று முழங்கை மாவைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தார். "காசக் குடுத்துட்டு வெயில்ல கால் கடுக்க நிக்கணும்னா தாராளமா போ. காலைல ஒரு வரிசைல நின்னேன்பா, பாதி வழில என் பொண்ணு, 'அப்பா, நாம என்னத்துக்கு நிக்கறோம்'னு கேக்கறா. எனக்கே மறந்து போச்சு. தண்ணி பாட்டில் வெல கேட்டா மயக்கம் வரும், மயக்கம் தெளியறதுக்கு அந்தத் தண்ணியத்தான் வாங்கணும்."

"அப்ப தண்டம்தான்."

"சுத்தத் தண்டம்," என்றார். குழாயை மூடினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "ஆனா அந்த ராட்டினத்துல ஏறி இறங்கினதும் எனக்குக் கால் நடுங்கிப் போச்சுப்பா. ஒரு குப்பைத் தொட்டியக் கட்டிப் புடிச்சிட்டு நின்னேன். அத இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க வீட்ல. என் பொண்டாட்டி நடிச்சே காட்டறா. அவ என்னைப் பாத்துச் சிரிச்சு எத்தனை காலமாச்சு தெரியுமா?" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமைதான். என் வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் விஷயமே கிடையாது. நான் தடுக்கி விழுந்தால்கூட எல்லாரும் வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் விழுவேன்.

இருந்தாலும் வேண்டாம் என்றே முடிவு செய்தேன். ரொட்டிப் பொடி தின்று வளர்ந்த புத்தி. காசு என்று வந்தால் அது ஒரே பக்கம்தான் சாயும். சாயங்காலம் வாசலில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டு படுத்தேன். 'அடுத்த வருஷம் பாக்கலாம்.' இதைவிட நாசூக்காக எந்தத் தகப்பனும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பாதித் தூக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பெரியவளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். கவுன்டரில் இருக்கும்போது மனைவி போனை எடுக்க முடியாது. லுங்கியை மாற்றி, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினேன்.

கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "கொஞ்சம் இருங்க சார், பாப்பா டீச்சரோட வந்துட்டிருக்கு." இடைவேளை நேரம். மைதானத்தில் ஒரே கூச்சல். அத்தனை கூச்சலுக்கும் மேலே ஒரு பையனின் குரல் தனியாகக் கேட்டது. சின்னத் தொண்டைதான், ஆனால் என்ன ஒரு சாரீரம். "நீ இந்தப் பக்கம் வாடா. டேய், அவன் அவுட்டு, அவன் அவுட்டு. நான் பாத்தேன்." சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. காகம்கூட எழுந்து பறந்தது.

"யார் பெத்த புள்ளையோ," என்றேன் வாட்ச்மேனிடம். "இவன் அப்பன் காதுல பஞ்சு வெச்சிட்டுத்தான் வீட்ல இருப்பான் போல."

அவர் சிரித்தார். "அது ஸ்பீக்கர் சார். இங்க எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். மணி அடிக்கலைன்னா அவனையே கத்தச் சொல்லிடலாம். இப்ப வருது பாருங்க ஒரு பாப்பா, அதோட தம்பிதான்."

திரும்பிப் பார்த்தேன். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது என் மகள்.

எங்கள் வீட்டில் சின்னவனுக்குப் பூனை என்று பெயர். நடப்பது கேட்காது, கதவைத் திறப்பது கேட்காது. பக்கத்தில் வந்து நின்று காதோரம், "அப்பா, பென்சில் சீவித் தர்றீங்களா?" என்பான். பிறந்ததிலிருந்து பகலெல்லாம் அப்பா தூங்குகிற வீடு. பெரியவளும் அப்படித்தான், அவர்கள் அம்மாவும் அப்படித்தான். பாத்திரத்தைக்கூடத் துணி விரித்து அதன் மேல்தான் வைப்பார்கள். நான் எழுந்த பிறகும் அந்தக் குரல் மாறுவதில்லை, பழகிவிட்டது. பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிறோம் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

ஒரு தூணை ஒட்டி நின்று கேட்டேன். மணி அடித்து அவன் உள்ளே ஓடும்வரை கேட்டேன். அவன் சிரிப்புச் சத்தமும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளையின் குரலை வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொள்கிற பிழைப்பு என்ன பிழைப்பு? அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. பெரியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்ததும் கிளம்பினேன்.

"பூனை எப்பவுமே இப்படித்தானா?" என்று வழியில் கேட்டேன்.

"எப்படிப்பா?" என்றாள். பக்கத்தில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, இவள் ரகசியம் பேசுகிறாள்.

அன்று சாயங்காலம் வாசலில், பெரியவளுக்குக் காய்ச்சல் எவ்வளவு, மாத்திரை எப்போது என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் பார்க்குக்குப் புக் பண்ணிடு" என்றேன்.

"நிஜமாவா?"

"பண்ணிடு."

அவள் முகம் மலர்ந்ததை ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கலாம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஓடினேன். ஆனால் மனசு இலேசாக இருந்தது. விளம்பரத்தில் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் அவனும் கத்துவான். நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். வாஷிங் மெஷின் எக்கேடு கெட்டுப் போகட்டும்.

லீவு வாங்குவது லேசான காரியமா? சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ லீவே கேக்க மாட்டியேய்யா, உனக்கு என்னத்துக்கு?" அடுத்த இரண்டு வாரத்து லீவு நாளையும் விட்டுக்கொடுத்து, எனக்குப் பதில் ஒருவனைக் கையைக் காலைப் பிடித்து நிற்க வைத்து, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கையெழுத்து விழுந்தது. வீட்டில் சொன்னேனா என்றால், இல்லை. மறைக்கவும் இல்லை. நானும் வருகிறேன் என்று பெண்டாட்டியிடம் எந்த மடையனாவது தனியாகச் சொல்வானா? குடும்பம் போகிறது என்றால் குடும்பம் போகிறது.

கிளம்புகிற அன்று காலையில் ஷிஃப்ட் முடிந்து, வழியில் சாப்பிட நான்கு பொட்டலம் ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். ஓரம் கருகியதைத் தொழிலாளிகளுக்குச் சும்மா கொடுப்பார்கள். தெருவில் டூர் வேன் நின்றது. பிள்ளைகள் ஏற்கனவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மனைவி தோளில் ஒரு பை, கையில் ஒரு பையோடு நின்றாள். ஏதோ புதுச் சுடிதார். என்னைப் பார்த்ததும் சார்ஜ் கொடுக்க ஆரம்பித்தாள்.

"சாப்பாடு செஞ்சு டப்பா டப்பாவா பிரிட்ஜ்ல வெச்சிருக்கேன், சுட வெச்சா போதும். குழாய் ரிப்பேர்காரர் நாளைக்கு வர்றேன்னாரு. கேஸ் மூடியாச்சு."

"எனக்கு எதுக்குச் சாப்பாடு?"

"பின்ன, சாப்பிட வேணாமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் புரிந்தது அவளுக்குத்தான். பையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்து என்ன பார்க்கப் போகிறாள்? அவளுக்கே தெரியும். ஒரு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்றுதான் புக் செய்திருந்தாள்.

"நீங்களும் வரதா இருந்தீங்களா?" என்றாள், அதே மெல்லிய குரலில்.

"லீவு போட்டிருக்கேன்."

"எனக்குத் தோணவே இல்லைங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "ஆஸ்பத்திரின்னாலும் ஸ்கூல் விழான்னாலும் ஒருத்தர்தானே போவோம். எத்தனை பேருன்னு கேட்டுச்சு, கை அதுபாட்டுக்கு ஒண்ணு போட்டுடுச்சு. ஒருத்தர் வீட்ல இருக்கணும்ல?"

"யாரைப் பாத்துக்க?"

அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் வேனில் இருந்தார்கள். வீட்டுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஜீவன் என்று ஒன்றும் கிடையாது, ஒரு செடிகூட இல்லை. இதைத்தானா இத்தனை நாள் கணக்குப் பார்க்காமல் இருந்தோம் என்று இரண்டு பேரும் அந்த வெறும் கூடத்தைப் பார்த்தோம்.

நான் ஓடிப்போய் டிரைவரிடம் கேட்டேன். ஒரு சீட்கூட இல்லை, ரூமும் மூணு பேருக்குத்தான் எழுதியிருக்கிறது என்று கையை விரித்தார். திரும்பி வந்தால் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க போங்க. நான் இருக்கேன்."

அவள் மனசாரத்தான் சொன்னாள், அதுதான் என்னைக் குத்தியது. அப்போதும் ஒருவர்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. நேர்மையாகச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கும் வரவில்லை. பையை வாங்கி அவள் தோளிலேயே மாட்டினேன். ரொட்டிப் பொட்டலங்களைக் கையில் திணித்தேன்.

"ஏறு. வேன் நிக்குது."

ஜன்னல் வழியாகப் பூனை தலையை நீட்டினான். கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு கிசுகிசுத்தான். "அப்பா, நாங்க யாருமே இருக்க மாட்டோம். சத்தமே இருக்காது. நீங்க நல்லாத் தூங்கலாம்."

எனக்குச் செய்த பெரிய உதவியாக நினைத்துத்தான் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். வேன் திரும்பிப் போகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

தூக்கம் வரவில்லை. அவர்கள் இருக்கும்போது வெளியிலிருந்து வருகிற சின்னச் சத்தத்துக்கெல்லாம் சள்ளென்று விழுகிறவன் நான். இப்போது ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. கட்டிலில் அவள் படுத்த பக்கத்தில் இன்னும் சூடு இருந்தது. தினமும் இருப்பதுதான். எங்களுக்குள் தாம்பத்தியம் என்று மிச்சமிருப்பது அந்தச் சூடு ஒன்றுதானோ என்று நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சமையலறைக்குப் போய் ஒரு தட்டை வேண்டுமென்றே தரையில் போட்டேன். கணீரென்று சுற்றி விழுந்தது. கோபித்துக்கொள்ள ஆளில்லை. குனிந்து நானே எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஹோட்டல் கட்டிலில் பிள்ளைகள் இரண்டு பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் படத்தில் இல்லை, எடுத்தவள் அவள்தானே. மேலே போய்ப் பழைய படங்களைப் பார்த்தேன். பிறந்தநாள், பல் விழுந்த நாள், சைக்கிள் வாங்கிய நாள். ஒன்றில் நான் இருக்கிறேன், ஒன்றில் அவள் இருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றாவது இருக்கும் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பெரியவளுக்கு மொட்டை அடித்த நாள்வரை போய்விட்டேன். இல்லை.

போக வேண்டுமா என்று மறுபடியும் முதலிலிருந்து யோசித்தேன். சாதாரண பஸ்ஸில் போனால் பாதி நாள் போய்விடும். கேட்டில் டிக்கெட் வாங்கினால் பேக்கேஜில் கொடுப்பதைவிட விலை கூடுதல். மிச்சமிருக்கிற ஒரு பகலுக்காக இவ்வளவு செலவா? புத்தியுள்ளவன் போவானா? போய் நின்றால் அவர்கள் சந்தோஷப்படுவார்களா, கூச்சப்படுவார்களா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அது தெரியாத நிலையில் வீட்டில் எப்படி இருப்பது? குழாய் ரிப்பேர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அவளுக்குப் போன் செய்யவில்லை. வருகிறேன் என்றால் உடனே கிளம்பி எதிர் பஸ் ஏறிவிடுவாள், அவளை எனக்குத் தெரியும்.

டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண், "எத்தனை பேர் சார்?" என்றாள்.

"ஒருத்தர்."

எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். குழந்தை, குட்டி, குடை என்று ஊரே குடும்பம் குடும்பமாக நின்றது. "தனியாவா சார்?"

"இல்லம்மா. எல்லாரும் உள்ள இருக்காங்க," என்றேன்.

மிக்ஸர் அண்ணன் சொன்னது எல்லாம் உண்மை. வெயில், வரிசை, தண்ணீர் விலை. ஆனால் தேடுவதற்கு எனக்குச் சிரமமே இல்லை. மரப் படகு ஒன்று உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து குளத்துக்குள் சரிகிற சறுக்கல் இருந்தது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் வரும்போதே காதில் விழுந்தது. "அக்கா, அடுத்தது நம்மதுதான். அம்மா, செருப்பக் கழட்டு. அம்மா, சீக்கிரம்." ஸ்பீக்கர்தான். அவன் அம்மா குனிந்து செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். பெரியவள் அவள் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். நனைந்த தலையோடு மூன்று பேரும் யார் வீட்டு மனிதர்களோ போல இருந்தார்கள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒன்றும் குறையவில்லை அவர்களுக்கு. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க," என்றாள். சிரிப்பு அப்படியே நின்றது. உடனே வரிசையை விட்டு விலகிக் கம்பிக்கு அடியில் நுழைந்து என் பக்கம் வந்துவிட்டாள். மூச்சு வாங்க, "பெரியவளுக்குக் காலைலருந்து தலைவலி, மாத்திரை போட்டாச்சு. பூனை ரெண்டு ரொட்டிதான் தின்னான், இறங்கினதும் ஏதாவது வாங்கிக் குடுங்க. நீங்க ஏறிக்கோங்க, நான் அந்த பெஞ்ச்ல இருக்கேன்," என்றாள்.

"நீ எங்க போற?"

"நீங்கதான் வந்துட்டீங்களே."

எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், ஊர் பார்க்கத்தான். கம்பிக்கு அடியில் அவளைத் தள்ளி, நானும் நுழைந்தேன். "நாலு பேரும்," என்றேன். "நாலு பேருமே ஏறப் போறோம்." பின்னால் நின்ற ஆள் ஏதோ முணுமுணுத்தார். "ஒரே குடும்பம் சார்," என்று அவரிடம் சொன்னேன்.

பூனை என் பக்கத்தில் வந்து நின்றான். வந்தது தெரியவில்லை. காதோரம் வந்து, "அப்பா, தூங்கலையா?" என்றான்.

சற்று முன்னால் இங்கே கத்திக்கொண்டிருந்த ஸ்பீக்கர் எங்கே போனான்? நான் வந்ததுதான் அவனை விரட்டிவிட்டது. இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் வந்து, கேட்க வந்ததை நானே வாயை மூட வைத்துவிட்டேன்.

"தூங்கலடா. முழிச்சிட்டுதான் இருக்கேன்."

"தலை வலிக்குதா?"

"இல்லடா. இங்க கத்தலாம்டா. எல்லாரும் கத்தறாங்க பாரு."

அவன் மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

படகில் முன் வரிசையில் அவளும் பெரியவளும், பின் வரிசையில் நானும் அவனும். கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். படகு கடகடவென்று மேலே ஏறியது. மரங்கள், ஹோட்டல் மொட்டை மாடி, அதற்கும் அப்பால் சாலை எல்லாம் கீழே போயின. பூனை என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். உச்சியில் படகு ஒரு கணம் நின்றது. அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொரு கையால் வாயையும் பொத்திக்கொண்டான். அப்பா பக்கத்தில் இருக்கிறார் அல்லவா.

படகு சரிந்தது. நான் கத்தினேன்.

பயத்தில் கத்தவில்லை. என்ன கத்தினேன் என்றும் தெரியாது, அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. எங்கேயோ அடியிலிருந்து வந்தது, நின்றால் போதும் என்று நினைத்தாலும் நிற்கவில்லை. தண்ணீர் முகத்தில் அறைந்த பிறகும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். படகு குளத்தில் ஆடி ஆடி மெதுவானபோது தொண்டை எரிந்தது. பூனை வாயைப் பொத்திய கையை எடுக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னால் என் மனைவி முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, பின்னால் வேறு படகு ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். தண்ணீர்தான் இருந்தது.

"யாருங்க அது, அப்படிக் கத்தினது?" என்றாள்.

பூனை கையை எடுத்தான். கரையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவன்தான் சொன்னான்.

"அப்பாதாம்மா. நம்ம அப்பா."